தனியாளாகக் கேம் செய்கிறவர்களுக்கு நன்றி சொல்வது எப்படி

ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாயக் கேமில் மழை நாள் என்றால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முதல் நாளே டிவியில் வானிலை பார்த்து வைத்துக்கொண்டால், மழை நாளைச் சுரங்கத்துக்கோ மீன் பிடிக்கவோ ஒதுக்கிவிடலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் இந்தக் கேமில் உட்காருவது எனக்குப் பல வருடப் பழக்கம். இதில் வரும் படங்கள், இசை, ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சு, பின்னால் ஓடுகிற நிரல் எல்லாமே முதல் வெளியீட்டில் ஒரே ஆளின் கைவேலை என்பது விளையாட ஆரம்பித்து ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு நான் கேம்களைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

அவர் பெயர் எரிக் பரோன். அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்துக்காரர். 2011-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தில் கணினி அறிவியல் முடித்தார். வேலை அமையவில்லை. கையைப் பழக்கிக்கொள்ள ஒரு சின்னக் கேம் செய்யலாம் என்று ஆரம்பித்தது நாலரை வருடத்துக்கு நீண்டது. அந்தச் சமயத்தில் சியாட்டிலில் ஒரு தியேட்டரில், வருகிறவர்களுக்கு இருக்கை காட்டுகிற பகுதிநேர வேலை பார்த்தார். வீட்டுச் செலவில் பெரும்பகுதியை அவருடைய துணைவி சுமந்தார். ஊர்க்காரர்களின் முகப்படங்களை வரைந்து, பிடிக்காமல், அழித்து, மறுபடி மறுபடி வரைந்தார். 2016 பிப்ரவரி 26 அன்று கேம் வெளிவந்தது. 2024 முடியும்போது 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருந்தன.

4 கோடி பேர் வாங்கிய பிறகு அவருக்குப் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. என் மனம் போவது அந்த நாலரை வருடத்துக்குத்தான். அறைக்குள் உட்கார்ந்து, இது யாருக்காவது பிடிக்குமா என்று தெரியாமலே ஒரு கதாபாத்திரத்தின் கண்ணைத் திரும்ப வரைந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. இன்றைக்கும் அதே நிலையில் ஏராளமானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு 4 கோடி வராது, 400 வந்தாலே பெரிது. அப்படிப்பட்டவர்களுக்கு நம் பாராட்டு நிஜமாகவே போய்ச் சேர என்ன செய்யலாம் என்று நான் பார்த்துப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பம்பு ஏன் தேறவில்லை என்று எழுதித் தருவது என் வேலை. "சரியில்லை" என்று மட்டும் எழுதினால் உற்பத்திப் பிரிவில் யாருக்கும் உபயோகமில்லை. எந்த பேட்ச், எந்த அழுத்தத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, எந்த இடத்தில் கசிந்தது என்று எழுத வேண்டும். நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கும் இதே விதிதான் என்பது என் அனுபவம். "சூப்பர் கேம்" என்பதை ஒருவர் ஆயிரம் கேமுக்கு எழுதலாம். "மூன்றாவது இரவில் விளக்கை அணைத்ததும் வருகிற அமைதி" என்பதை ஒரே ஒரு கேமுக்குத்தான் எழுத முடியும்.

அப்படி நான் முதலில் கடிதம் எழுதியது ஒரு கலங்கரை விளக்கம் கேமுக்கு. மிகச் சின்ன கேம், ஐரோப்பாவில் ஒருவர் ஓய்வு நேரத்தில் செய்தது. அவர் விளம்பரத்தை விரும்புகிற மனிதராகத் தெரியவில்லை, அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். அதில் ராத்திரி விளக்கை ஏற்றியதும், பாறை மேல் இருக்கிற கடற்பறவைகள் உடனே பறக்காது. ஒரு நொடி தயங்கி, ஒன்று எழும்பி, அதைப் பார்த்து மற்றவை எழும்பும். எனக்கு அந்தத் தயக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. அதைத்தான் எழுதினேன். கூடவே, நான் இருப்பது கோயம்புத்தூரில், விளையாடுவது ஒரு பழைய லேப்டாப்பில், ஷிப்ட் முடிந்து வந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடுகிறேன், நாட்குறிப்புப் பக்கங்களில் எழுத்து மட்டும் என் திரையில் பொடியாகத் தெரிகிறது என்றும் சேர்த்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. பறவைகளைப் பற்றி ஒரு வரி: அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வைத்தாராம். மீதிக் கடிதம் முழுவதும் என் லேப்டாப் திரையைப் பற்றி. என்ன அளவு, எவ்வளவு தள்ளி உட்காருகிறீர்கள், எந்தப் பக்கத்தில் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய மானிட்டர். அதில் எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த அப்டேட்டில் எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கிற வசதி வந்திருந்தது.

அன்றிலிருந்து நான் எழுதுகிற எல்லாக் கடிதத்திலும் நான் யார், எங்கிருந்து, எதில், எந்த நேரத்தில் விளையாடுகிறேன் என்று இரண்டு வரி போட்டுவிடுகிறேன். தனியாளாக வேலை செய்கிறவருக்குத் தன் கேம் யார் கைக்குப் போயிருக்கிறது என்று தெரிய வேறு வழி குறைவு. பெரிய கம்பெனிகளுக்கு அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். இவருக்கு நம் கடிதம்தான்.

ஆங்கிலம் சரியாக வராதே என்று தயங்குகிறவர்கள் நம்மில் நிறைய. தயங்கவே வேண்டாம். தமிழில் எழுதி அனுப்பினால் அவர் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துக்கொள்வார். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும், பேச்சு வழக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது போதும். அந்தக் கேம் உலகத்தின் எந்த மூலைக்குப் போயிருக்கிறது என்பதை அந்தத் தமிழ் எழுத்துகளே அவருக்குக் காட்டிவிடும்.

சரி, கடிதம் ஒருவருக்கு மட்டும் போகிறது. ரிவ்யூ ஊருக்கே போகிறது. கணினிக் கேம்கள் பெரும்பாலும் விற்பது ஸ்டீம் என்ற இணையக் கடையில். அங்கே ஒரு கேமுக்கு 10 ரிவ்யூ சேரும்வரை "பாசிட்டிவ்" மாதிரியான மதிப்பீட்டுச் சொல் எதுவும் அதன் பெயருக்குப் பக்கத்தில் வராது. கடைக்கு வருகிறவர் பார்வையில் 9 ரிவ்யூ இருக்கிற கேமும் ஒன்றுமே இல்லாத கேமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பத்தாயிரம் ரிவ்யூ இருக்கிற கேமுக்கு இன்னொன்று எழுதுவதைவிட, ஆறு ஏழு ரிவ்யூவில் நின்றுகொண்டிருக்கிற கேமைத் தேடிப்பிடித்து எழுதுவதற்கு மதிப்பு அதிகம். இன்னொரு விஷயம், காசு கொடுத்து ஸ்டீமிலேயே வாங்கியவர்களின் ரிவ்யூதான் அந்த மதிப்பீட்டுக் கணக்கில் சேரும். டெவலப்பர், அதாவது கேமைச் செய்தவர், இலவசமாகக் கொடுத்த கீயை (கேமைத் திறக்கிற குறியீட்டை) வைத்து விளையாடியவர் எழுதினால் படிக்கலாம், கணக்கில் வராது. ஆகவே டெவலப்பர் அன்போடு இலவசமாக ஒன்று கொடுக்க முன்வந்தாலும், கையில் காசு இருக்கிறவர் வாங்கி எழுதுவதே அவருக்கு உதவி.

ரிவ்யூவில் நான் எழுதுவது மூன்று நான்கு வரிதான். இது யாருக்குப் பிடிக்கும், எவ்வளவு நேரம் ஓடும், எனக்கு எந்த இடம் நின்றது, எது பிடிக்கவில்லை. பிடிக்காததை எழுதத் தயங்கக் கூடாது என்பது என் கருத்து. குறை சொல்லாத ரிவ்யூவை வாங்க வருகிறவர் நம்புவதில்லை. "கட்டளைகள் புரிய முதல் அரை மணி நேரம் பிடித்தது, அதற்கு அப்புறம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை" என்று எழுதினால் வாங்குகிறவருக்கும் பொறுமை வரும், செய்தவருக்கும் எதைச் சரிசெய்யலாம் என்று தெரியும்.

என் அக்கா மகன் கல்லூரிக்காக எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். நான் ஒரு கேம் வாங்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "ஏனுங்க மாமா, இதெல்லாம் நெட்ல சும்மாவே கிடைக்குதுங்களே. அந்த ஸ்டார்ட்யூக்காரருக்கெல்லாம் ஏற்கனவே கோடிக்கணக்குல வந்திருச்சுங்க."

"அவருக்கு வந்திருச்சுடா. நீ நேத்து ராத்திரி விளையாடினியே அந்த ரயில் கேமு, அதுக்கு எத்தனை ரிவ்யூ இருக்குன்னு பாரு."

எடுத்துப் பார்த்தான். நான்கே நான்கு.

"நாலு பேருதானுங்களா? நல்லா இருக்குதுங்களே மாமா அது!"

"அப்ப அதை எழுது."

அவன் மாணவன், கையில் காசு இல்லை என்பதும் உண்மைதான். அவனுக்கு நான் சொன்னது விஷ்லிஸ்ட் பற்றி, அதாவது பிறகு வாங்கலாம் என்று நினைக்கிற கேம்களின் பட்டியல். பிடித்த கேமை விஷ்லிஸ்டில் போட்டு வைப்பதற்குச் செலவு இல்லை. கேம் வெளியாகும்போதும், பெரிய தள்ளுபடி வரும்போதும் ஸ்டீம் நமக்கு மின்னஞ்சல் அனுப்பும். தள்ளுபடி எவ்வளவு என்பதை முடிவு செய்வது கேமைச் செய்தவரே, அதனால் தள்ளுபடியில் வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எத்தனை பேர் விஷ்லிஸ்டில் வைத்திருக்கிறார்கள் என்பது டெவலப்பருக்குத் தெரியும். வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் அவர் தினமும் பார்க்கிற எண் பெரும்பாலும் அதுதான். வருடத்தில் சில முறை வருகிற ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் வெளிவராத கேம்களின் டெமோ இலவசமாகக் கிடைக்கும். விளையாடிப் பார்த்துக் கருத்து எழுத அதைவிட நல்ல நேரம் இல்லை, ஏனென்றால் அப்போது கேமை இன்னும் மாற்ற முடியும்.

காசு இருக்கிறவர்கள் அது எங்கே போகிறது என்று தெரிந்து கொடுப்பது நல்லது. ஸ்டீம் பொதுவாக விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கேமையும் கடையில் வைக்க டெவலப்பர் முதலில் 100 டாலர் கட்ட வேண்டும். கேம் 1,000 டாலர் வருமானம் பார்த்த பிறகுதான் அது திரும்பக் கிடைக்கும். அந்த ஆயிரத்தைத் தொடாமலே நின்றுவிடுகிற கேம்கள் உண்டு. இட்ச்.ஐஓ என்று இன்னொரு கடை இருக்கிறது. அங்கே கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை டெவலப்பரே தீர்மானிக்கிறார். மாற்றாமல் விட்டால் 10 சதவீதம். முக்கியமாக, போட்ட விலைக்கு மேலேயும் நாம் கொடுக்கலாம். 3 டாலர் கேமுக்கு 5 டாலர் கொடுத்தால் கூடுதல் 2 டாலர் என்ன சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் விற்கிற கேம் என்றால் நான் ரிவ்யூவுக்காக ஸ்டீமிலும், சில சமயம் மனதாரக் கூடுதலாகக் கொடுக்க இட்ச்சிலும் வாங்குகிறேன். ஸ்டீமில் ரூபாய் விலையில் யுபிஐயிலேயே கட்டிவிடலாம். டாலரில் விற்கிற இடத்துக்கு, வங்கி ஆப்பில் போய் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். வாங்கி முடித்ததும் நான் அதை மூடிவிடுகிறேன்.

வாங்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கீகளைப் பாதி விலைக்கு விற்கிற மறுவிற்பனைச் சந்தைகள். திருடிய கார்டில் டெவலப்பரிடம் கீ வாங்கி, அதை அங்கே விற்றுவிடுவார்கள். கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் பணம் டெவலப்பரிடமிருந்து திரும்பப் போகும், அதன் மேல் அபராதக் கட்டணமும் அவர் தலையில் விழும். செக் நாட்டில் ஃபேக்டோரியோ கேமைச் செய்த வூப் நிறுவனம் இப்படி அடிபட்டு வெளிப்படையாகப் பேசிய ஒன்று. கீ சந்தையில் வாங்குகிறவர் ஆதரிப்பதாக நினைத்துக்கொண்டே செய்தவருக்கு நஷ்டம் உண்டாக்குகிறார்.

பணம் திரும்பப் பெறுகிற வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நல்ல விதிதான், நம் லேப்டாப்பில் ஓடாத கேமுக்கு அது தேவை. ஆனால் மொத்தமே ஒன்றரை மணி நேரம் ஓடுகிற கேம் என்ன ஆகும்? முடித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். 2021-ல் 'சம்மர் ஆஃப் 58' என்ற குட்டித் திகில் கேமைச் செய்தவர், கேம் பிடித்திருந்தவர்களில்கூட நிறைய பேர் இப்படித் திருப்பிக் கொடுத்ததால், கேம் செய்வதையே விட்டு விலகுவதாக அறிவித்தார்.

இதை யோசிக்கும்போது எனக்கு உடனே நினைவுக்கு வருவது 'வெண்பா' என்ற கேம். டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது, 2023 ஜூலை 31 அன்று வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதி, அங்கே வளர்கிற மகன், அம்மாவிடமிருந்து வந்த கிழிந்துபோன சமையல் குறிப்பேடு. குறிப்பில் அழிந்துபோன படிகளை நாம் யூகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். ஒரே மாலையில் முடிந்துவிடுகிற கேம். அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா கேம்ஸ் விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் விருதை வாங்கியது.

அதற்கு நான் எழுதிய ரிவ்யூ இட்லித் தட்டைப் பற்றி. தட்டுகளை அடுக்கும்போது ஒரு குழிக்கு நேர் மேலே இன்னொரு குழி வந்தால் கீழே இருக்கிற இட்லி உப்ப இடமிருக்காது. கொஞ்சம் திருப்பி வைத்தால் ஆவி போகிற துளை மேலே வரும், இட்லி எழும்பும். நம் வீடுகளில் யாரும் இதைப் பாடமாகச் சொல்லித் தருவதில்லை, பார்த்துப் பார்த்துக் கை பழகிவிடுகிறது. அதை ஒரு கேம் புதிராக மாற்றி, இட்லியே பார்க்காத ஊர்க்காரரின் கைக்கும் பழக்கிவிடுகிறது. "இது சரியாக இப்படித்தான், நான் இந்த ஊர்க்காரன், சொல்கிறேன்" என்று எழுதினேன். நம் சமையல், நம் ஊர், நம் தொழில் ஒரு கேமில் வரும்போது, அதைத் தெரிந்தவர் "சரியாக இருக்கிறது" என்று சொல்வதற்குத் தனி எடை உண்டு. வேறு யாரும் அந்தச் சாட்சியத்தைத் தர முடியாது. தையல்காரர் தையல் கேமுக்கும், நர்ஸ் மருத்துவமனைக் கேமுக்கும் எழுதுகிற ரிவ்யூவை நான் தேடிப் படிப்பது அதனால்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பக் ரிப்போர்ட், அதாவது கேமில் கண்ட பிழையைச் செய்தவருக்கு எழுதி அனுப்புவது.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்று ஒரு கேம். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் 2002-ல் ஆரம்பித்து, 2006-ல் இலவசமாக வெளியிட்டு, இன்னும் செய்துகொண்டே இருக்கிறார்கள். குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டுகிற கேம். 2015-ல் அதில் மதுக்கடைகள் வந்தன. வந்த கொஞ்ச நாளில் ஒரு விளையாட்டாளர் புகார் எழுதினார்: கோட்டையில் பூனைகள் காரணமில்லாமல் வாந்தி எடுத்துச் சாகின்றன. டார்ன் தேடிப் பார்த்தார். மதுக்கடையில் குள்ளர்கள் குடிக்கும்போது மது தரையில் சிந்துகிறது. பூனை அதில் நடக்கிறது, பாதத்தில் மது ஒட்டுகிறது. பூனைகள் தங்களை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்று அவர் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார். நக்கும்போது மது உள்ளே போகிறது. ஒரு துளியை ஒரு முழுக் கோப்பை என்று நிரல் எண்ணிக்கொள்கிறது. பூனையின் எடைக்கு அது கொல்லுகிற அளவு. தனித்தனியாக ஒவ்வொன்றும் சரி, ஒரு எண் மட்டும் தப்பு.

இந்தக் கதை கேம் உலகத்தில் ரொம்பப் பிரபலம், எல்லோரும் டார்னின் மூளையை வியப்பார்கள். நான் அந்தப் புகார் எழுதியவரையும் நினைத்துக்கொள்கிறேன். பூனை சாவதை ஒருவர் கவனித்து, இது இயல்பில்லை என்று உட்கார்ந்து எழுதியதால்தான் அந்தச் சங்கிலி வெளியே வந்தது. அப்படிக் கவனித்து எழுதுவதைவிடப் பெரிய பாராட்டு ஒரு டெவலப்பருக்குக் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நல்ல பக் ரிப்போர்ட்டும் எங்கள் கம்பெனியில் எழுதுகிற ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டும் ஒரே அச்சு. என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, திரும்பச் செய்தால் திரும்ப நடக்கிறதா. அப்புறம் கேமின் பதிப்பு எண், விண்டோஸா மொபைலா, எந்த மாடல். முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட், முடிந்தால் சேவ் ஃபைல். சேவ் ஃபைல் இருந்தால் டெவலப்பர் அதே இடத்தில் அதே நிலையில் போய் நின்று பார்க்கலாம், பாதி வேலை முடிந்துவிடும். அனுப்பும் முன் அதே பக் ஏற்கனவே பதிவாகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது மரியாதை. "திரும்ப நடக்கிறதா" என்பதற்கு "இல்லை, ஒருமுறைதான் நடந்தது" என்பதும் நல்ல பதில்தான், அதை எழுதிவிட வேண்டும். "ஓட மாட்டேங்குது, சரி பண்ணுங்க" என்ற ஒற்றை வரி, தனியாளாக இருக்கிறவரின் ஒரு மாலை நேரத்தையே தின்றுவிடும்.

மொபைல் கேம்களில் இது இன்னும் அவசியம். நம் ஊரில் புழங்குகிற பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன்கள் பல வெளிநாட்டு டெவலப்பர்களின் கையில் இருக்காது. நம் போனில் ஓடுகிற வேகத்தைச் சொல்லி எழுதினால் அது அவருக்குப் புதிய தகவல்.

நன்றிக் கடிதத்தில் போடக் கூடாதது என்று நான் உறுதியாக வைத்திருப்பது ஒன்றே ஒன்று: "அடுத்தது எப்போது?" பரோன் ஸ்டார்ட்யூவுக்கு வருடக்கணக்காக அப்டேட் போட்டுக்கொண்டே இருக்கிறார், எல்லாம் இலவசம். இதற்கெல்லாம் ஒருபோதும் காசு கேட்க மாட்டேன் என்று 2024-ல் தன் குடும்பப் பெயரின் மேல் ஆணையாகச் சொன்னார். அடுத்த கேமான ஹான்டட் சாக்லேட்டியரை 2021 அக்டோபரில் அறிவித்தார். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் கீழே "அது எப்போ வரும்" என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் அது ஒரு கேள்விதான், ஆர்வத்தில் கேட்பதுதான். கேட்கப்படுகிற அந்த ஒருவருக்கு அது ஆயிரக்கணக்கில் வந்து சேர்கிறது.

வியட்நாமில் ஹனோயைச் சேர்ந்த டாங் நுயென் 2013-ல் ஃபிளாப்பி பேர்ட் என்ற குட்டி கேமை வெளியிட்டார். மாதக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014 ஜனவரியில் உலகமே விளையாடியது. பிப்ரவரியில், இதற்கு மேல் என்னால் முடியாது என்று அறிவித்துவிட்டு அவரே கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். பணம் நன்றாக வந்துகொண்டிருந்த நேரம் அது. கூட்டத்தின் கவனம் ஒரு மனிதர் மேல் மொத்தமாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் என் கடிதத்தின் கடைசி வரி எப்போதும் "பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை" என்பதுதான். நிஜமாகவே அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறேன். பல கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை. அவர் அந்த நேரத்தைக் கேமுக்கோ தூக்கத்துக்கோ கொடுத்திருப்பார்.

ஆடம்ஸ் சகோதரர்கள் பற்றி இன்னும் கொஞ்சம். டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் இலவசமாக இருந்த அத்தனை வருடமும் அவர்கள் வாழ்ந்தது விளையாட்டாளர்கள் அனுப்பிய நன்கொடையில். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கைம்மாறாக கிரேயானில் ஒரு படம் வரைந்து அனுப்புவார்கள், அல்லது ஒரு குட்டிக் கதை எழுதித் தருவார்கள். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய டார்ன், உலகத்திலேயே சிக்கலான கேம்களில் ஒன்றை எழுதுகிற நேரத்துக்கு நடுவில், முகம் தெரியாத ஒருவருக்காக கிரேயானை எடுத்து குள்ளர் படம் வரைந்திருக்கிறார். அப்புறம் ஸாக்குக்குப் புற்றுநோய் வந்தது. அமெரிக்காவில் மருத்துவச் செலவை நினைத்து, படங்களோடு கூடிய பதிப்பு ஒன்றைக் கடையில் விற்க முடிவு செய்தார்கள். 2022 டிசம்பர் 6 அன்று ஸ்டீமில் வந்தது. ஒரு மாதத்துக்குள் லட்சக்கணக்கில் விற்றது. படங்களுக்குப் பதில் எழுத்துக் குறிகளாலேயே ஆன பழைய பதிப்பு இன்னும் இலவசம்தான், அதையே பல வருடம் விளையாடியவர்களும் புதியதைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

இந்த மாதிரி நன்றி டெவலப்பர்களுக்குள்ளும் நடக்கிறது. ஸ்டார்ட்யூ வேலி மோனோகேம் என்ற, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல நிரல் தொகுப்பின் மேல் ஓடுகிறது, அதைப் பராமரிக்கிறவர்கள் ஒரு சிறு குழு. அந்த அமைப்புக்குப் பரோன் 1,25,000 டாலர் நன்கொடை கொடுத்திருக்கிறார். தன் கேமுக்கு அடியில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துக் கொடுத்தது அது.

அதைப் படித்த பிறகு நான் கேம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை பார்க்கிறேன். தனியாள் கேம் என்றாலும் இசைக்கு ஒருவர், சோதித்துப் பார்த்தவர்கள், இலவசமாக ஒலி கொடுத்தவர், மொழிபெயர்த்தவர் என்று நாலைந்து பேர் இருப்பார்கள். பரோனைப் போல எல்லாவற்றையும் ஒருவரே செய்வது அபூர்வம். இசை பிடித்திருந்தால் ஆல்பத்தைத் தனியாக வாங்கலாம், பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கிற தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். மொழிபெயர்த்தவருக்கும் ஒரு வரி எழுதலாம், அவர்களுக்கு யாருமே எழுதுவதில்லை.

கலங்கரை விளக்கம் கேமின் பட்டியலில் ஒரு எழுத்துருவின் பெயரும் அதைச் செய்தவரின் பெயரும் இருந்தன. நாட்குறிப்புப் பக்கங்களில் வருகிற, கையெழுத்து மாதிரியான எழுத்து. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அவர் இலவசமாகப் போட்டு வைத்திருந்தது. ஆங்கில "K" எழுத்தின் கால் கொஞ்சம் நீண்டு அடுத்த எழுத்தைத் தொடுவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. அவருடைய எழுத்துரு எந்தக் கேமில் வருகிறது என்பதே அவருக்குத் தெரியாதாம். இணைப்பு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அனுப்பினேன், கூடவே என் திரையிலிருந்து ஒரு நாட்குறிப்புப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும்.